நிபந்தனை இல்லாத ஏற்பு



செமஸ்டர் தேர்வு முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வணிகச் சட்டப் புத்தகத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்று பார்த்தால், அதில் படித்த ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 7-ஆம் பிரிவு. ஒருவர் வைக்கும் முனைவை இன்னொருவர் ஏற்கும்போது அந்த ஏற்பு முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். "சரி, ஆனால்..." என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் அது ஏற்பு ஆகாது, எதிர்முனைவு ஆகிவிடும். வாயே திறக்காமல் இருப்பதும் ஏற்பு ஆகாது. இதை விளக்க எங்கள் ஆசிரியர் 1862-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு குதிரை வழக்கைச் சொன்னார். மற்றவர்கள் குதிரையை நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் ஞாபகம் வந்தது.

அவருடைய பிள்ளை பத்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். அப்போது 'படித்தவன்' என்றுதான் சொல்வோம். மார்கழி மாதம் எங்களோடு சேர்ந்து கோலம் போடுவாள். புள்ளி வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இப்போது வேறு ஊரில் திருநங்கையாக வாழ்கிறாள், வேலை பார்க்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் இதுதான்: "வரட்டும். ஆனா இருட்டினப்புறம் வரட்டும். பேன்ட் சட்டையில வரட்டும்." அம்மாவோ ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்க இன்றுவரை சம்மதிக்கவில்லை.

ஆணாகப் பிறந்து பெண்ணாக உணரும் பிள்ளையை, பெண்ணாகப் பிறந்து ஆணாக உணரும் பிள்ளையை, இரண்டிலும் அடங்காத பிள்ளையை நம் ஊர்ப் பெற்றோர் எப்படிப் பார்த்தார்கள்? அந்த 'ஆனா' எங்கிருந்து வந்தது? விடுமுறையில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வரலாறு படிக்கிற மாணவி இல்லை, காமர்ஸ்காரி. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இலக்கணத்தில் இடம் உண்டு, விகுதி இல்லை

முதலில் தொல்காப்பியம். சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண் தன்மை திரிந்து பெண் தன்மை கொண்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்துவிடுகிறது. அவர்களை உயர்திணையில்தான் வைக்கிறார் தொல்காப்பியர். அதாவது மனிதர்கள் வரிசையில். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருப்பது போல அவர்களுக்கென்று தனி விகுதி கிடையாது. இருக்கிற விகுதியிலேயே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் இடம் உண்டு, தனக்கென்று ஒரு பாய் கிடையாது என்பது மாதிரி எனக்குத் தோன்றியது.

அடுத்து சிலப்பதிகாரம். கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்கள் வருகின்றன. அதில் ஒன்று 'பேடு'. ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் காமன் ஆடிய கூத்து அது. ஏன் ஆடினான் தெரியுமா? வாணனின் சிறையில் கிடந்த தன் மகன் அநிருத்தனை மீட்பதற்காக என்று உரையில் இருக்கிறது. ஒரு தகப்பன் மகனைக் காப்பாற்றப் பேடிக் கோலம் போட்டிருக்கிறான்!

மகாபாரதத்தில் கதை தலைகீழாகிறது. அர்ஜுனன் அஞ்ஞாதவாசத்தில் ஓராண்டு விராட மன்னனின் அரண்மனையில் பிருகன்னளை என்ற பேடியாக இருந்து இளவரசிக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்தான். அதே அர்ஜுனனின் மகன் அரவான். பாண்டவர்கள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகக் களப்பலி ஆனவன். சாவதற்கு முன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான், யாரும் பெண் தரவில்லை, கண்ணன் மோகினியாக வந்து தாலி கட்டிக்கொண்டான் என்பது நம் நாட்டுப்புறக் கதை. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் திருநங்கைகள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுவது இதற்காகத்தான். 'அரவாணி' என்ற பெயரும் இங்கிருந்து வந்ததுதான்.

கூவாகம் என்றால் எல்லோரும் மோகினியைப் பற்றிப் பேசுகிறார்கள். அரவான் ஒரு வீட்டுப் பிள்ளை என்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை. தங்கள் பக்கம் தலைநிமிர வேண்டும் என்று பெரியவர்கள் சேர்ந்து ஒப்புக்கொடுத்த பிள்ளை. அர்ஜுனனின் பேடிக் கோலம் மட்டும் ஏன் எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது? அது ஓராண்டுதான் என்று முன்கூட்டியே தெரியும். கெடு முடிந்ததும் காண்டீபத்தை எடுத்துவிடுவான். கெடு வைத்த சம்மதம்! அப்போதே 'ஆனா' இருந்திருக்கிறது.

1871: பிள்ளையைப் பிடுங்கிய சட்டம்

என் பாடப்புத்தகத்து ஒப்பந்தச் சட்டத்துக்குச் சரியாக ஓராண்டு முன்னால் ஆங்கிலேய அரசு கொண்டுவந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். கைரேகைச் சட்டம் என்று நம் பக்கத்தில் அதன் கொடுமையை நன்றாகவே அறிவோம். பெருங்காமநல்லூரில் 1920-இல் நடந்த துப்பாக்கிச் சூடு அதை எதிர்த்த போராட்டத்தில்தான். ஆனால் 1871 சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். வட இந்தியாவின் ஹிஜ்ராக்களைக் குறிவைத்து எழுதிய பகுதி அது.

அதன்படி சந்தேகத்துக்குரியவர்கள் என்று அரசு நினைத்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும். பதிவானவர்கள் பொது இடத்தில் பெண் உடை உடுத்தினால், ஆடினால், பாடினால் தண்டனை. அவர்கள் வீட்டில் 16 வயதுக்கு உட்பட்ட சிறுவன் இருந்தாலும் தண்டனை. அந்தச் சிறுவனைப் பெற்றோரிடமோ காப்பாளரிடமோ ஒப்படைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பதிவானவர் யாருக்கும் காப்பாளராக முடியாது, தத்தெடுக்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, உயில் எழுதவும் முடியாது.

இதைப் படித்தபோது ஒரு கேள்வி வந்தது. அந்தப் பையன் ஏன் அங்கே வந்தான்? கடத்திக்கொண்டு வந்திருப்பார்கள் என்பது ஆங்கிலேய அதிகாரிகளின் எண்ணம். வீட்டில் இருக்க முடியாமல் தானாக வந்தவனும் இருப்பானே? துரத்திய வீட்டுக்கே திருப்பி அனுப்பினால் அவன் கதி என்ன? சட்டம் அதைக் கேட்கவில்லை. 1919-இல் ஹைதராபாத் நிஜாம் ஆட்சியிலும் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. அது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தெலங்கானா உயர்நீதிமன்றம் 2023 ஜூலையில்தான் தள்ளுபடி செய்தது. 104 ஆண்டுகள்!

பெறாத அம்மாக்கள்

பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டார்கள்? திருநங்கைகளே போட்டார்கள். ஜமாத்தில் மூத்தவர் ஒருவர் இளையவரை மகளாகத் தத்தெடுப்பார். அதற்கு ஒரு சடங்கு உண்டு. அம்மா, நானி, அக்கா, தங்கை என்று ஒரு முழுக் குடும்பமே அங்கே உண்டு. அங்கேயும் கட்டுப்பாடுகள், கஷ்டங்கள் இருந்தன என்பதைத் திருநங்கைகளே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் கதவைத் தட்டியபோது திறந்த கதவு அதுதான்.

நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஏ.ரேவதியின் தன்வரலாறு 2010-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வீட்டை விட்டு ஓடுவதும், அம்மாவை நினைத்துத் திரும்பி வருவதும், அண்ணன்மாரிடம் அடி வாங்குவதும், மறுபடியும் ஓடுவதுமாகப் போகிறது அந்த வாழ்க்கை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' 2007-இல் தமிழிலேயே வந்தது. மகன் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று கனவு கண்ட அப்பா அதில் வருகிறார். பாசம் இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. அந்தப் பாசம் முழுவதும் 'மகன்' என்ற சொல்லின் மேல் கட்டியிருந்தது, அதுதான் சிக்கல்.

மதுரையில் பிறந்த நர்த்தகி நட்ராஜுக்குத் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை குருவாகக் கிடைத்தார். 'நர்த்தகி' என்ற பெயரை வைத்ததே அவர்தான். 15 ஆண்டுகள் அவரிடம் நாட்டியம் கற்றுக்கொண்ட நர்த்தகிக்கு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெயர் வைப்பது பெற்றவர்கள் செய்கிற வேலை அல்லவா? அதைக் குரு செய்தார்.

திருநம்பிகளைப் பற்றி இதைவிடக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. பெண்ணாக வளர்ந்த பிள்ளை வீட்டை விட்டு ஓடுவது அவ்வளவு சுலபமில்லை. 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்ற வைத்தியம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிடும்.

அரசாங்கம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது

2006 டிசம்பரில் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது. பள்ளி, கல்லூரிகளில் இவர்களுக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆலோசனை கொடுக்க வேண்டும் என்ற பகுதி. வீடு கைவிட்டால் மற்ற எல்லாமே கைவிட்டுப் போகும் என்பதை ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2008 ஏப்ரல் 15-இல் நல வாரியம் வந்தது. 'திருநங்கை' என்ற மரியாதையான சொல்லை அப்போது முதல்வராக இருந்த கருணாநிதி பரவலாக்கினார். தெருவில் கேலியாகக் கூப்பிட்ட சொற்கள் பத்திரிகைகளிலிருந்து மெதுவாக மறைந்தன. என் தோழியின் அம்மாவுக்கு இன்று தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல கூச்சமில்லாத ஒரு சொல் இருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக ஆண், பெண் தவிர 'இதரர்' என்ற கட்டமும் இருந்தது. நாடு முழுவதும் சுமார் 4.88 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். இதில் 6 வயது வரை உள்ள குழந்தைகள் மட்டும் 54,854! வாசலில் நின்று கணக்கெடுத்தவருக்கு அந்தக் குழந்தைகளா பதில் சொல்லியிருக்கும்? பெற்றவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். பதிவில் தவறுகளும் இருக்கலாம். இருந்தாலும் அரசாங்கத்து ஆளிடம் வாய் திறந்து சொன்ன பெற்றோரும் அதில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் 900 பேரிடம் எடுத்த ஆய்வு 2018-இல் செய்திகளில் வந்தது. பெற்றோருடன் வாழ்ந்தவர்கள் வெறும் 2 சதவீதம். அமெரிக்காவில் கெய்ட்லின் ரையன் குழு ஒருபால் ஈர்ப்பு, இருபால் ஈர்ப்பு உள்ள இளைஞர்களிடம் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. குடும்பம் கடுமையாகப் புறக்கணித்தவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள், அப்படிப் புறக்கணிக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகம். 'ஆனா' என்ற சொல்லின் விலை இது.

நீதிமன்றத்தில் அப்பா அம்மா

2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்றது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு திருமண வழக்கில் தீர்ப்புச் சொன்னார். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது அந்தத் தீர்ப்பு. கூடவே, இடைப்பாலினக் குழந்தைகளுக்குச் செய்யும் அவசியமில்லாத பாலின அறுவைச் சிகிச்சைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. பெற்றோர் கொடுக்கும் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்பது அதன் சாரம். அப்படி ஒரு குழந்தை பிறந்ததில் வெட்கப்பட எதுவுமில்லை என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அதே 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெற்றோர் வசிக்கும் வீட்டில் திருநர் பிள்ளைக்கும் வசிக்க உரிமை உண்டு என்று எழுதியது. வீட்டை விட்டுத் துரத்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும் என்றது அதே பிரிவு. 'எங்களை வளர்த்த ஜமாத் அம்மா எங்கே போனார்?' என்று திருநர்கள் கேட்டார்கள். 1871-இல் பார்க்காத அம்மாவை 2019-இலும் சட்டம் பார்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2021 ஜூன் 7-இல் வந்த தீர்ப்பு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். அதோடு விடவில்லை, இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு தானும் போய் ஆலோசகர் முன் உட்கார்ந்தார். ஒரு நீதிபதியே கற்றுக்கொள்ளலாம் என்றால் ஒரு அப்பா கற்றுக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

அது ஒருபால் ஈர்ப்பு பற்றிய வழக்கு என்றாலும் தீர்ப்பு அதைத் தாண்டிப் போனது. பாலின வழக்கத்துக்குள் அடங்காத மாணவர்களின் வீடுகள் அவர்களுக்கு ஆதரவாக இருக்க, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும் என்றது. 'சரிசெய்கிறோம்' என்று சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. என் பள்ளியில் அந்தக் கழகம் கூடினால் மார்க்கைத் தவிர வேறு எதையும் பேசி நான் பார்த்ததில்லை. என் தோழி ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது யாராவது அந்தக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைப் பேசியிருந்தால்...

2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஓர் இளம்பெண்ணை விடுவித்தது. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் மாதிரி இருப்பதில்லை என்று அங்கே குறிப்பிட்டார்கள். லீலா சேத் இந்தியாவில் ஒரு உயர்நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண், எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியபோது, 'என் மகனைக் குற்றவாளி என்கிறார்கள்' என்று வெளிப்படையாக எழுதியவர். தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது 2025 தீர்ப்பு. பெறாத அம்மா ஒருவழியாகச் சட்டத்தின் கண்ணில் பட ஆரம்பித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக...

பெற்றோரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் தோழியின் அப்பா கெட்டவர் இல்லை. அவள் தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் பொய்யில்லை. அந்த நாலு பேரில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். பள்ளியில் அவள் நடப்பது போல நடந்து காட்டிச் சிரித்த கூட்டத்தில் நானும் நின்றேன். அதனால் பெற்றோர் ஏற்பது என்பது பெற்றோர் கையில் மட்டும் இல்லை. தெரு முதலில் 'ஆனா' போடுவதை நிறுத்த வேண்டும்.

போன மாதம் இட்லிக் கடை அம்மா என்னைக் கூப்பிட்டார். "நீ படிக்கிற பொண்ணு. ரேஷன் கார்டுல அவ பேரை மாத்தணும், என்னென்ன வேணும்னு பாத்துச் சொல்லு" என்றார். பெயர் நீக்க மாட்டேன் என்று இத்தனை வருடம் பிடிவாதம் பிடித்தவர் இப்போது புதிய பெயரைச் சேர்க்கக் கேட்கிறார்! படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பாவும் போட்டால்தான் கொடுப்பேன் என்று வைத்திருக்கிறார். அவர் "பாக்கலாம்" என்கிறாராம்.

ஒப்பந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு, 6-ஆம் பிரிவு. நியாயமான காலத்துக்குள் ஏற்காவிட்டால் முனைவு தானாகவே காலாவதி ஆகிவிடும். பிள்ளைகள் எத்தனை தடவைதான் "வரட்டுமா?" என்று கேட்பார்கள்?

படிவம் இட்லிக் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் இட்லி வாங்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அவள் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.